மேனேஜர் மென்ற அரிசி

தம்பி, அந்தத் தண்ணி பாட்டிலைச் சித்தெ குடுக்கறீங்களா? ஒரே ஒரு மொடக்கு. வாய் வெக்காம அண்ணாந்துதான் குடிப்பேன், பயப்படாதீங்க. என்ற பாட்டில் தீந்துபோச்சு. கீழ எறங்கி வாங்கலாம்னா, அதுக்குள்ள டிரைவர் டீயைக் குடிச்சுட்டு வந்து வண்டியை எடுத்துருவானோன்னு ஒரு பயம்.

ஆ... இப்பத்தானுங்க நாக்கு நாக்கா இருக்குது.

தாகம் இல்லீங்க தம்பி. தாகம்னா குடிச்சா அடங்கிரும். இது வாய் காயறது. நாக்கு மேலண்ணத்துல போய் ஒட்டிக்கும், பேத்தெடுக்கோணும். சக்கரைங்க எனக்கு. எட்டு வருசமா மாத்திரை. வாய் காயறது இந்த ஒண்ணரை வருசமாத்தான். முறுக்குத் தின்ன முடியாது, பொரி தின்ன முடியாது. போன்ல பேசுனா எதிராளி, "என்னங்க, காத்தாலயே போட்டுட்டீங்களா?"ங்கறான். நான் பீடிகூடக் குடிக்காதவனுங்க.

வண்டி எடுக்க அரை மணி ஆகும்னுதானே கண்டக்டர் சொன்னான்? அப்பச் சொல்றேன், கேளுங்க. நான் அதிகம் பேசற ஆளில்லை, சுருக்கமாச் சொல்லிப்போடறேன்.

என்ற பேரு நாச்சிமுத்து. காங்கயத்துல ஒரு கல்யாண மண்டபத்துல மேனேஜர். பத்தொம்பது வருசமா. மண்டபத்துல எனக்குச் சக்கரைன்னு ஒருத்தருக்கும் தெரியாது. சொல்லலீங்க. ஏன் சொல்லலைன்னா, எங்க மண்டபத்துல ஒரு வழக்கம். எந்தக் கல்யாணம்னாலும் சமையல் மாஸ்டர் மொத ஜாங்கிரியை ஒரு தட்டுல வெச்சு மேனேஜர் ரூமுக்கு அனுப்புவாரு. "மேனேஜருங்க சரின்னு சொன்னாத்தான் பந்திக்குப் போகும்"பாரு. அது ஜாங்கிரி இல்லீங்க தம்பி, மரியாதை. சக்கரைன்னு சொல்லிட்டா அந்தத் தட்டு நின்னுபோகுமில்ல? அதான் சொல்லலை. முழுசாத் திங்க மாட்டேன். பாதி. சில சமயம் முக்கால். கோயமுத்தூர்ப் பார்ட்டின்னா முழுசு.

இப்படி இருக்கறப்ப, ஆவணி மாசம் ஒரு கல்யாணம். தாராபுரத்துப் பொண்ணு ஊடு. கல்யாணமெல்லாம் நல்லபடியா முடிஞ்சு, ஒறம்பரையெல்லாம் கெளம்பிப் போன பின்னால சாமானைச் சரிபார்த்தா, வெள்ளிப் பன்னீர்ச் சொம்பைக் காணோம். வரவேற்புல வெப்போமே, வர்றவங்க மேல பன்னீர் தெளிக்கறது, அதுதானுங்க. எங்க முதலாளியோட அப்பா காலத்துச் சொம்பு. முதலாளி வந்துட்டாரு. மூஞ்சி செவந்துபோச்சு. "போலீசுக்குச் சொல்லிரலாமா நாச்சிமுத்து?"ங்கறாரு.

நான் சொன்னேன்: "போலீசெல்லாம் எதுக்குங்க? மண்டபத்துப் பேரு கெட்டுப்போகும். நம்ம ராக்கியப்பப் பூசாரியைக் கூப்பிட்டு அரிசி குடுத்துரலாங்க."

அரிசின்னா தெரியுங்களா? நீங்க டவுன்காரரு, தெரிஞ்சிருக்காது. பூசாரி பச்சரிசியை மந்திரிச்சு ஆளுக்கு ஒரு புடி குடுப்பாரு. வாயில போட்டு மெல்லோணும். மென்னு எலையில துப்போணும். தப்பு செய்யாதவன் துப்பினா மாவாட்டம், கூழாட்டம் ஈரமா வந்து உழும். தப்பு செஞ்சவனுக்குப் பயத்துல எச்சில் ஊறாது. பொடிப்பொடியா, காஞ்ச தவுடாட்டம் கொட்டும். அவ்வளவுதான், ஆளு மாட்டிக்குவான்.

எங்க மண்டபத்துலயே அஞ்சு வருசம் முன்னாடி இப்படித்தானுங்க ஒரு ஆளைப் புடிச்சோம். நான்தான் புடிச்சேன். துளசிமணின்னு ஒரு அம்மா, பாத்திரம் வெளக்க வந்துட்டிருந்துச்சு. ரெண்டு பித்தளைக் கொடம் காணாமப் போச்சு. எனக்கு அந்தம்மா மேல மொதல்ல இருந்தே ஒரு கண்ணு. ஏன்னா, எப்பப் பார்த்தாலும் தண்ணி குடிச்சுட்டே இருக்கும். மணிக்கொரு தடவை பாத்ரூம் போகும். மடியில கனமிருக்கற ஆளுதான் இப்படி இருப்பாங்கன்னு எனக்குத் தோணுச்சு. அரிசியைக் குடுத்தோம், பொடிப்பொடியாக் கொட்டுச்சு. அந்தம்மா முந்தானைல வாயைத் தொடச்சுட்டுப் போனதுதான், மறுநாள்லயிருந்து வேலைக்கு வரலை. கொடம் கெடைக்கலை, ஆனா ஆளு வரலை பாருங்க, அதுவே அத்தாட்சியில்லையான்னு எல்லார்த்துகிட்டயும் சொன்னேன்.

சரி, சொம்புக்கு வர்றேன். பூசாரி வந்துட்டாரு. மேடை முன்னாடி எல்லார்த்தையும் வரிசையா நிக்க வெச்சேன். வாட்ச்மேன் ஆறுக்குட்டி, எலெக்ட்ரீசியன், சமையல் மாஸ்டர், கூட்டிப் பெருக்கற மூணு பொம்பளைங்க. ஆளுக்கொரு வாழையெலைத் துண்டு. எல்லாரும் மென்னாங்க, துப்புனாங்க. ஒவ்வொருத்தரும் துப்பறப்ப நான் பக்கத்துல போய்க் குனிஞ்சு பாத்து, "ஈரம்"னு சொன்னேன். அடுத்த ஆளு, "ஈரம்". ஆறுக்குட்டி துப்புனதை ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்தேன். எனக்கு அவன் மேல ஒரு சந்தேகம் இருந்துச்சு. அவனும் ஈரம்.

எல்லாம் முடிஞ்சுது. ஒருத்தரும் மாட்டலை. அப்ப முதலாளி சும்மா இருக்காம, "மேனேஜரும் ஒரு புடி மென்னுரட்டும். எல்லார்த்துக்கும் ஒரே சட்டம்னு இருக்கட்டும்"னாரு.

நான் சிரிச்சுட்டே வாங்கிப் போட்டேனுங்க.

தம்பி, அந்த அரிசி வாயில போனதும்தான் எனக்கே நெனப்பு வந்துச்சு. மென்னேன். மாவு மாவாப் போகுது, ஒட்ட மாட்டேங்குது. சிமெண்ட் மூட்டையை வாயில பிரிச்ச மாதிரி. கன்னத்துக்கு இந்தப்பக்கம் தள்றேன், அந்தப்பக்கம் தள்றேன், ஒரு சொட்டு எச்சில் கெடையாது. அரிசி மாவு தொண்டைக்குப் போய், இருமல் வந்துருச்சு. எலையில துப்பலாம்னு குனியறதுக்குள்ள 'புஃப்'புன்னு ஒரு புகை. முதலாளி எதுத்தாப்புல நிக்கறாரு, கரும்பச்சைச் சட்டை. நெஞ்சு பூரா வெள்ளை.

கூட்டிப் பெருக்கற பொம்பளைங்க ரெண்டு அடி பின்னால போயிட்டாங்க.

நான் சொல்லிப்போடலாம்னுதான் பாத்தேன். எனக்குச் சக்கரை இருக்குது, அதனால வாய் காயுது, வேற ஒண்ணுமில்லைன்னு. நாக்கு வந்தாத்தானே? மாவுல கொழைஞ்சு மேல ஒட்டிக்கிச்சு. "சக்கரை... சக்கரை"ங்கற வரைக்கும்தான் வருது. பூசாரி கைய நீட்டி, "சாமி வந்து எறங்குது, கேக்கறதைக் குடுங்க"ங்கறாரு. சமையல் மாஸ்டர் உள்ள ஓடிப்போய் ஒரு கிண்ணம் நெறையாச் சக்கரையை எடுத்துட்டு வந்து என்ற வாயில கொட்டிட்டாரு.

ஆறுக்குட்டி அப்பத்தான் வாயைத் தொறந்தான். "துளசிமணியக்காவும் இதே மாதிரித்தானுங்களே துப்புச்சு"ன்னான். ரொம்ப மெதுவாத்தான் சொன்னான். எல்லார்த்துக்கும் கேட்டுச்சு.

முதலாளி சட்டையைத் தட்டிட்டே, "நாச்சிமுத்து, ரெண்டு நாள் ஊட்டுல இருங்க. அப்பறம் பேசிக்கலாம்"னாரு. பத்தொம்பது வருசம்! ஊட்டுக்கு வந்து பூவாத்தாகிட்டச் சொன்னேன். பூவாத்தாள்னா என்ற சம்சாரம். அது முழுசாக் கேட்டுச்சு. கேட்டுட்டு, "நீங்க திருடலைன்னு எனக்குத் தெரியும்"னுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "ஜாங்கிரியைத் தின்னுட்டு வாயைத் தொடைக்காம ஊட்டுக்கு வர்ற மனுசன், வெள்ளிச் சொம்பையா மறைக்கப் போறீங்க?"ன்னு சொல்லிட்டுத்தான் உள்ள போச்சு.

அப்பறம் அதுவேதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. சின்ன வயசு டாக்டரம்மா. ரத்தம் பாத்தாங்க. முன்னூத்தி இருவது. "வாய் எத்தனை நாளாக் காயுது?"ன்னாங்க. ஒண்ணரை வருசம்னேன். "ஏன் சொல்லலை?"ன்னாங்க. "வாய் காயறதெல்லாம் ஒரு வியாதியான்னு இருந்துட்டேனுங்க"ன்னேன். வாயைத் தொறக்கச் சொல்லி லைட் அடிச்சுப் பாத்துட்டு, "ரெண்டு கடவாய்ப் பல்லு சொத்தை. எச்சில்தான் பல்லுக்குக் காவல். அது குறைஞ்சா இப்படித்தான் ஆகும். சக்கரை ஏறினா வாய் காயும். நீங்க பிரஷருக்குப் போடற மாத்திரையும் கொஞ்சம் காய வைக்கும். நான் மாத்தித் தர்றேன், நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. கொஞ்சங்கொஞ்சமாத் தண்ணி குடிங்க, பல் டாக்டரையும் பாருங்க. எங்ககிட்ட வர்ற சக்கரைக்காரங்கள்ல நெறையப் பேருக்கு இது இருக்கு"ன்னாங்க.

நான் கேட்டேன்: "அம்மா, இந்தாளுக்கு எச்சில் ஊறாதுன்னு ஒரு சர்ட்டிபிகேட் குடுப்பீங்களா? சீல் வெச்சு?"

அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னையப் பாத்தாங்க. "எதுக்குங்க?"ன்னாங்க. பூவாத்தா எல்லாத்தையும் சொல்லிருச்சு. டாக்டரம்மா சிரிக்கலை, நல்ல படிப்பு. திரும்பி சன்னலைப் பாத்துட்டுக் கொஞ்ச நேரம் தோள் குலுங்குச்சு, அவ்வளவுதான். 'இவருக்கு உமிழ்நீர் சுரப்பு குறைவாக உள்ளது'ன்னு எழுதி சீல் வெச்சுக் குடுத்தாங்க. அன்னைக்கே லேமினேசன் போட்டுட்டேன். இருங்க காட்டறேன்... இதுதான். நல்லா இருக்குதுங்களா?

அதை வாங்கிட்டு வெளிய வர்றேன். மாத்திரை வாங்கற வரிசையில, எனக்கு நாலு ஆளுக்கு முன்னாடி யாரு? துளசிமணி.

கையில, சக்கரைக்காரங்களுக்கு ஆஸ்பத்திரியில குடுக்கற நோட்டு. அழுக்கேறி, மூலை மடங்கி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சிருக்குது. என்னையப் பாத்துருச்சு. நான் அந்தப்பக்கம் திரும்பலாம்னா, தூணு ஒண்ணும் இல்லீங்க அங்க. அது வரிசையை விட்டுட்டு வந்து, "மேனேஜருங்க, உங்களுக்கும் அரிசி குடுத்தாங்களாமா?"ன்னு கேட்டுச்சு. ஊரு பூராத் தெரிஞ்சிருக்குது பாருங்க. சிரிச்சுச்சு. சிரிச்சுச்சுன்னா சாதாரணமா இல்லை, முந்தானையை வாயில வெச்சுட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். வரிசை மொத்தமும் திரும்பிப் பாக்குது.

நான் பெருந்தன்மையா, "பழசெல்லாம் நான் மறந்துட்டேன் துளசிமணி"ன்னு சொன்னேன்.

சிரிப்பு அப்படியே நின்னுபோச்சுங்க. நோட்டை எடுத்து மொதப் பக்கத்தைத் தொறந்து என்ற மூஞ்சிக்கு நேரா நீட்டுச்சு. தேதி போட்டிருக்குது. ஒம்பது வருசத்துக்கு முந்தின தேதி. "எனக்கு அப்பவே வாய் காயுமுங்க. அதனாலதான் தண்ணி தண்ணின்னு குடிப்பேன். வேலைக்கு வெக்க மாட்டாங்களோன்னு சொல்லலை"ன்னுச்சு.

அப்பறம் இன்னொண்ணும் சொல்லுச்சு. அந்தக் கொடம் காணாமப் போறதுக்கு ஆறு மாசம் முன்னாடித்தான் மகளை இந்த மூலனூருக்குக் கட்டிக்குடுத்திருக்குது. அரிசி சேதி இங்க வரைக்கும் வந்திருச்சு. சம்பந்தியம்மா, "திருடி என்ற வாசப்படி ஏறக்கூடாது"ன்னுட்டாங்களாமா. அஞ்சு வருசமா மக ஊட்டுக்குள்ள கால் வெக்கலை. பேத்திக்கு மூணு வயசு. மாசத்துல ஒரு சனிக்கிழமை மக கொழந்தையைத் தூக்கிட்டு, கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு, இந்த பஸ் ஸ்டாண்டுக்கு வருமாம். இதா, அந்தச் சிமெண்ட் பெஞ்சு தெரியுதுங்களா? அதுல உக்காந்து பேத்தியை ஒரு மணி நேரம் மடியில வெச்சிருந்துட்டு அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிருமாம்.

பையிலிருந்த பாட்டிலை எடுத்து ஒரு மொடக்குக் குடிச்சேன். வாய் காஞ்சிருந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு மண்டபத்துக்குச் சர்ட்டிபிகேட்டோட போனேன். போனா, சொம்பு கெடைச்சிருச்சுங்கறாங்க. பொண்ணு ஊட்டுச் சீர்க்கூடையில தேங்காயோட தேங்காயாப் போய், தாராபுரத்துல கூடையைப் பிரிச்சப்ப இருந்திருக்குது. அவங்களே கொண்டாந்து குடுத்துட்டுப் போயிட்டாங்க. முதலாளி, "சரி விடு நாச்சிமுத்து, வேலையைப் பாரு"ங்கறாரு. சர்ட்டிபிகேட்டை நீட்டறேன், வாங்கக்கூட இல்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

அன்னைக்கு ராவு சோறு போடறப்ப பூவாத்தா கேட்டுச்சு: "உங்க பேரைச் சொம்பு காப்பாத்திருச்சு. அந்தம்மா பேரை ஆரு காப்பாத்தறது? மூலனூருக்கு நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?" நானும் அதைத்தான் நெனச்சுட்டிருந்தேன்னு சொன்னேன். என்ற மனசு எளகின மனசுங்க தம்பி. யாரும் சொல்லித்தான் செய்யோணும்னு இல்லை.

மூலனூருக்குப் போறேன்னு துளசிமணிகிட்டச் சொன்னதுக்கு, "நான் வாசல்ல வந்து நிக்க மாட்டேனுங்க. சனிக்கிழமை எப்பவும் போல பேத்தியைப் பாக்க வருவேன். நீங்க சொல்றதைப் போய்ச் சொல்லுங்க"ன்னுச்சு. இன்னைக்குக் காத்தால ஒரே பஸ்ஸுலதான் வந்தோம். அது முன்னால, நான் பின்னால. ஒரு வார்த்தை பேசிக்கலை.

இன்னைக்குத்தான் தம்பி. இப்பத்தான் அங்கிருந்து வர்றேன்.

அந்த ஊட்டுக்குப் போனேன். சம்பந்தியம்மா நாற்காலி போட்டு உக்காந்து வெங்காயம் உரிச்சுட்டு இருந்தாங்க. கனமான ஆளு, கனமான குரலு. மாப்பிள்ளை ஒரு ஓரமா நின்னான். விசயத்தைச் சொன்னேன். சர்ட்டிபிகேட்டைக் குடுத்தேன். மாப்பிள்ளை படிச்சான். சம்பந்தியம்மா, "இது உங்க காகிதம். உங்களுக்குச் சக்கரைன்னா அவளுக்கு என்ன? சக்கரை இருந்தா எச்சில் வராதுன்னு எந்த ஊர்ல சொல்றாங்க?"ன்னாங்க.

எனக்கு ரோசம் வந்துருச்சு. "ஒரு புடி பச்சரிசி கொண்டாங்க"ன்னேன். அந்த மருமக, துளசிமணி மக, உள்ளயிருந்து கொண்டாந்து குடுத்துச்சு. அதுவும் கொழந்தையும் பஸ் ஸ்டாண்டுக்குக் கெளம்பத் துணியெல்லாம் மாத்தி நிக்கறாங்க. எல்லார் முன்னாடியும் மென்னேன். துப்புனேன். பொடிப்பொடியாக் கொட்டுச்சு. கொழந்தை அதைப் பாத்து, "அம்மா, மாமா கோலம் போடறாங்க"ங்குது.

"இதென்னங்க, பயத்துலதான் உங்களுக்கு அப்படி வருது. சுத்தமான ஆளு மென்னா எப்படி வரும்னு நான் காட்டறேன்"ன்னு சொல்லிட்டு, சம்பந்தியம்மா ஒரு புடி எடுத்து வாயில போட்டாங்க.

மென்னாங்க. மென்னுட்டே இருந்தாங்க. கன்னம் இந்தப்பக்கம் போகுது, அந்தப்பக்கம் போகுது. எனக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியுமே, பாத்ததுமே புரிஞ்சுபோச்சு. "துப்பிருங்கம்மா, தொண்டைக்குப் போயிரும்"ன்னேன். கேக்கலை. இருமல் வந்துருச்சு. வெங்காயத் தட்டு மேல பூராவும் பொடி.

மாப்பிள்ளை என்ன சொன்னான் தெரியுங்களா? "அம்மா, நீயும் மூணு வருசமா மாத்திரை போடறயே"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். சத்தமாக்கூடச் சொல்லலை. சம்பந்தியம்மா தட்டைப் பாக்கறாங்க, என்னையப் பாக்கறாங்க. அந்த மருமகப் பொண்ணு உள்ள போய் ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து மாமியா கையில குடுத்துச்சு. சிரிக்கலீங்க. குடுத்துட்டுக் கொழந்தையைத் தூக்கி இடுப்புல வெச்சுட்டு நின்னுச்சு.

சொம்புத் தண்ணியும் குடிச்சு முடிச்சுட்டு சம்பந்தியம்மா மகன்கிட்ட, "பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருப்பா. போய்க் கூட்டிட்டு வா"ன்னாங்க. பாத்தீங்களா, அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குது! எந்த சனிக்கிழமை, எந்த பெஞ்சு, எல்லாம்.

மாப்பிள்ளை வண்டியை எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வந்தான். துளசிமணி வண்டியை விட்டு எறங்கி வாசல்ல நின்னுச்சு. செருப்பைக் கழட்டலாமா வேண்டாமான்னு யோசிக்குது. கொழந்தை ஓடிப்போய்க் கையைப் புடிச்சு இழுத்துச்சு. உள்ள வந்துருச்சு. நான் கதவோரமாத்தான் நிக்கறேன். என்னைய ஒரு பார்வைகூடப் பாக்காம என்னையத் தாண்டிப் போச்சுங்க. கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன். ஆரும் ஒண்ணும் கேக்கலை. கெளம்பி வந்துட்டேன்.

அதுதான் தம்பி எனக்கு மனசு கேக்கலை. பல்லு சொத்தையோட பச்சரிசி மென்னு, ஊரு விட்டு ஊரு வந்து, என்ற மானத்தைத் தட்டுல துப்பிக் காட்டியிருக்கேன். ஒரு வார்த்தை. 'வந்தீங்களே'ன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?

என்னங்க, அப்படிப் பாக்கறீங்க?

அரிசி மேல தப்பில்லீங்க. அரிசி அரிசி வேலையைச் செய்யுது. இனிமே அரிசி குடுக்கறதுக்கு முன்னாடி, சக்கரை இருக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுக்கோணும், அவ்வளவுதான்... இல்லீங்க, சிரிக்காதீங்க. சரி, குடுக்கவே வேண்டாம். விட்டுப்போடறேன்.

நீங்க என்ன கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியாம இல்லீங்க தம்பி. தப்பு என்னோடதுதான், நான் இல்லைன்னு சொல்லலையே. அதைச் சொல்லத்தானே வந்தேன். சம்பந்தியம்மாகிட்டச் சொன்னேன், 'நான் அவசரப்பட்டுட்டேன், அந்தம்மா திருடலை'ன்னு. மாப்பிள்ளைகிட்டச் சொன்னேன். எட்டிப் பாத்த பக்கத்து ஊட்டுக்காரங்ககிட்டக்கூடச் சொன்னேன். இதா, முன்னப்பின்னத் தெரியாத உங்ககிட்டயும் சொல்லிட்டேன்.

துளசிமணிகிட்டச் சொன்னனாங்கறீங்களா?

ஆஸ்பத்திரியில... இல்லை, அங்க நான் மறந்துட்டேன்னுதானே சொன்னேன். மூலனூருக்குப் போறேன்னு சொன்னப்ப, போறதை மட்டும்தான் சொன்னேன். பஸ்ஸுல பேசவே இல்லை. வாசல்ல... இல்லீங்க. அதுகிட்ட மட்டும் சொல்லலீங்க.

டிரைவர் ஏறிட்டானா? இருங்க, இருங்க. கண்டக்டர் தம்பி, ஒரு நிமிசம் நிறுத்துங்க, எறங்கிக்கறேன். டிக்கெட் போட்டா என்னங்க, போனாப் போகுது. காலைச் சித்தெ நகத்துங்க தம்பி. அந்த ஊட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். நடந்தே போயிருவேன். சக்கரைக்கு நடக்கறது நல்லதாமா.